எனக்கப்புறம் இவனுக்கு யார்?

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு தாயார் குடியிருக்கிறாள். பெயர் வேண்டாம். அவளுக்கு ஒரே பிள்ளை. வயது 17 நடக்கிறது. நெடுநெடுவென்ற உயரம், களையான முகம். வாசலில் நிற்கும்போது பார்த்தால், கல்லூரியில் சேரப் போகிற பையன் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அவன் பேசுவது வெகு சொற்பம். பட்டணத்து பஸ்களின் எண்களும் அவை போகிற வழிகளும் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடிவிடுவான். தட்டில் பொரியலும் குழம்பும் ஒன்றோடொன்று தொட்டுவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு கிடையாது. அவனுக்கு மூன்று வயதாகும்போதே 'ஆட்டிசம்' என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஒருநாள் சாயங்காலம் கறிவேப்பிலை கேட்டு வந்தவள், வாங்கிக்கொண்ட பிறகும் போகாமல் நின்றாள்.

"அக்கா, நான் இன்னிக்கு வரைக்கும் இவனுக்குக் குழந்தை சோப்புதான் வாங்கறேன். காலையிலே முகம் கழுவி விடறப்போ பார்க்கறேன், கன்னமெல்லாம் முள்ளு முள்ளாக் குத்துது. இத்தனை நாளா எனக்கு உறைக்கவே இல்லை. அடுத்த வருஷம் இவனுக்குப் பதினெட்டு. எனக்கு ஐம்பது ஆகப் போகுது. எனக்கப்புறம் இவனுக்கு யார், அக்கா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "எல்லாம் கடவுள் இருக்கிறார்" என்று சொல்லி அனுப்பி வைத்தேன். சொன்ன பிறகு எனக்கே வெட்கமாயிருந்தது. கறிவேப்பிலை கேட்டு வந்தவளுக்குக் கறிவேப்பிலை கொடுத்தேன். பதில் கேட்டவளுக்கு என்ன கொடுத்தேன்? அதற்குப் பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளைப்போல இந்தக் கேள்வியோடு விழித்திருக்கும் தாய்மார் நம்மில் எத்தனையோ பேர். உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி 2021-ம் வருஷத்தில் உலக ஜனங்களில் சுமார் 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உள்ளவர். அப்படியானால், நமக்குத் தெரிந்த குடும்பங்களிலேயே ஒன்றிரண்டு பேராவது இருப்பார்கள் அல்லவா?

கூண்டில் நிறுத்தப்பட்ட தாய்

ஆட்டிசம் என்பது வியாதி அல்ல. மூளை வளரும் விதத்திலேயே உள்ள ஒரு வித்தியாசம். தமிழில் 'மதியிறுக்கம்' என்றும் எழுதுகிறார்கள். பிறரோடு பழகுவதும் பேசுவதும் இவர்களுக்குச் சுலபத்தில் வராது. ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வதில் ஆறுதல் காண்பார்கள். சத்தம், வெளிச்சம், தொடுதல் எல்லாம் நமக்குத் தெரிவதைவிட அதிகமாகவோ குறைவாகவோ அவர்களுக்குத் தெரியும். சிலர் பட்டம் வாங்கி உத்தியோகம் பார்ப்பார்கள். சிலருக்குக் கடைசிவரை ஒரு துணை வேண்டியிருக்கும். இரண்டு பேரும் ஆட்டிசக்காரர்கள்தாம். இதைப் போக்கும் மருந்து இன்றுவரை கிடையாது. 'பூரண குணம்' என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் நகையை விற்றுப் பணம் கட்டிவிடாதீர்கள்.

1943-ம் வருஷம் அமெரிக்காவில் லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையால்தான் இதற்கு மருத்துவ உலகில் ஓர் இடம் கிடைத்தது. ஆனால் அதற்குப் பிறகு வந்த இருபது வருஷங்கள் தாய்மாருக்குப் பொல்லாத காலம். பெற்றவள் மனத்தில் ஈரம் இல்லாததால்தான் குழந்தை இப்படி ஆயிற்று என்று பெரிய பெரிய நிபுணர்களெல்லாம் எழுதினார்கள். 'குளிர்சாதனப் பெட்டித் தாய்' என்று ஒரு பட்டமும் சூட்டினார்கள். மாமியார் சொல்வது போதாதென்று வைத்தியரும் சேர்ந்துகொண்டால் எப்படியிருக்கும்!

இந்தப் பழியை உடைத்தவர் ஒரு தகப்பனார். பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற மனோதத்துவ அறிஞர். அவருடைய மகனுக்கே ஆட்டிசம். இது பிறவியிலேயே உடம்பில் அமைந்தது, வளர்ப்பினால் வந்ததல்ல என்று 1964-ம் வருஷம் ஒரு புத்தகம் எழுதி வாதாடினார். 1969-ல் பெற்றோர் கூட்டம் ஒன்றில் பேசிய கானரே, பெற்றோர்களாகிய உங்களைக் குற்றத்திலிருந்து விடுதலை செய்கிறேன் என்று பகிரங்கமாகச் சொன்னார். ஆகவே சகோதரிகளே, 'கர்ப்பத்தில் நான் என்ன செய்தேனோ' என்று யோசித்து இனி ஒரு ராத்திரியையும் வீணாக்காதீர்கள். அந்த வழக்கு தள்ளுபடியாகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

முதல் குழந்தை என்ன ஆனான்?

கானரின் 11 பேரில் முதலாவதாக எழுதப்பட்ட குழந்தை டொனால்ட் டிரிப்லெட். 1933-ல் மிஸிஸிப்பி மாகாணத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் பிறந்தவன். இரண்டு வயதில் நீண்ட பிரார்த்தனைப் பாடலை ஒப்பிப்பான். ஆனால் 'அம்மா' என்று ஓடி வந்து கட்டிக்கொள்ள மாட்டான். பாத்திரங்களைச் சுழலவிட்டு மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பான். வைத்தியர்களின் யோசனைப்படி, நாலு வயது நிரம்புமுன்பே அவனை ஒரு விடுதியில் சேர்த்தார்கள். அங்கே அவன் மேலும் ஒடுங்கிப் போனான். ஒரு வருஷத்துக்குள் பெற்றோர் மனம் கேளாமல் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். வக்கீலான தகப்பனார் மகனைப் பற்றி 33 பக்கம் தட்டச்சுச் செய்து கானருக்கு அனுப்பினார். அந்தக் கடிதம்தான் பின்னால் வந்த ஆராய்ச்சிக்கெல்லாம் ஆரம்பம்.

நமக்கு வேண்டியது அதற்கு மேல் நடந்த கதை. 1942-ல் டொனால்டை, ஊரிலிருந்து பத்து மைல் தூரத்தில் ஒரு பண்ணையில், ஒரு குடியானவத் தம்பதியிடம் பெற்றோர் விட்டார்கள். அந்தத் தம்பதிக்கு மனோதத்துவம் தெரியாது. ஆனால் கைக்காரியம் தெரியும். பையன் எதைக் கண்டாலும் அளந்துகொண்டேயிருந்தான். 'அளக்காதே' என்று அவர்கள் அதட்டவில்லை. ஒரு கிணறு தோண்டச் சொல்லி, எவ்வளவு ஆழம் ஆயிற்று என்று அவ்வப்போது அளந்து சொல்லச் சொன்னார்கள். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் பொறுக்கிச் சேர்த்தான். அவற்றைப் புதைக்க ஒரு மூலையை ஒதுக்கி, பெயர்ப் பலகை எழுதி நடச் சொன்னார்கள். சோளக் கொல்லையில் வரிசைகளை ஓயாமல் எண்ணினான். ஏரைக் கையில் கொடுத்து, உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். கானர் அங்கே போய்ப் பார்த்தபோது, குதிரையையும் ஏரையும் பையன் கையாண்ட நேர்த்தியைக் கண்டு வியந்து போனார்.

பிறகு டொனால்ட் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தான். 1958-ல் கல்லூரிப் பட்டம் பெற்றான். தாய்வழிக் குடும்பத்தாரின் பாங்கில் வேலைக்கு அமர்ந்தான். 27 வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டான். தனியாகவே முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சுற்றி வந்தான். 1980-ல் தகப்பனாரும் 1985-ல் தாயாரும் காலமானார்கள். 'எனக்கப்புறம்' என்று நாம் பயப்படுகிற அந்தக் காலம் அவருக்கு 38 வருஷம்! அத்தனை வருஷமும் பிறந்த வீட்டிலேயே வாழ்ந்து, தினம் கோல்ஃப் ஆடி, 2023-ம் வருஷம் ஜூன் மாதம் 89-வது வயதில் கண்ணை மூடினார்.

'அவர்கள் பாங்கு வைத்திருந்த பணக்காரர்கள்; நமக்கு என்ன இருக்கிறது?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். பணம் உதவியது, சந்தேகமில்லை. ஆனால் பணம் மட்டும் அல்ல. அந்த 11 குழந்தைகளும் பிற்காலத்தில் என்ன ஆனார்கள் என்று 1971-ல் கானர் விசாரித்து எழுதினார். பெரிய அரசாங்க விடுதிகளில் அடைக்கப்பட்டவர்கள் முன்பு இருந்த சாமர்த்தியத்தையும் இழந்து, வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள். மனிதர்கள் நடுவில், கைக்கு ஒரு வேலையோடு வளர்ந்தவர்கள்தாம் தேறினார்கள்.

'எனக்கப்புறம் யார்?' என்ற கேள்விக்கு டொனால்டின் வாழ்க்கையில் ஒரு பதிலல்ல, மூன்று பதில்கள் இருக்கின்றன. முதலாவது: அவனே. இரண்டாவது: பெற்றோர் உயிரோடிருக்கும்போதே எழுதி வைத்த ஏற்பாடு. மூன்றாவது: ஊர். இம்மூன்றையும் நம் வீட்டுக்கு எப்படிக் கொண்டு வருவது என்று பார்ப்போம்.

முதல் பதில்: அவனே

இதற்குப் பதினெட்டு வயது வரை காத்திருக்கக் கூடாது. பத்துப் பன்னிரண்டு வயதிலேயே ஆரம்பித்துவிட வேண்டும். காரணம், மீசையும் பூப்பும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. மனசு தன் போக்கில் மெதுவாக நடந்தாலும், உடம்பு காலாகாலத்தில் வளர்ந்துவிடும்.

பெண் குழந்தையானால், பெரியவளாவதற்கு முன்பே சொல்லிக் கொடுங்கள். இந்தக் குழந்தைகளுக்குத் திடீரென்று வருவதெல்லாம் பயம். எதிர்பார்த்து வருவது பயமில்லை. வாரத்தில் ஒரு நாள் நாப்கினைக் கட்டி ஒரு மணி நேரம் பழக்குங்கள். மாற்றுவது, காகிதத்தில் சுற்றுவது, குப்பைத் தொட்டியில் போடுவது, கை கழுவுவது என்று ஒவ்வொரு படியையும் படமாக எழுதிக் குளியலறைக்குள் ஒட்டுங்கள். நாட்காட்டியில் சிவப்புப் புள்ளி வைத்துக் காட்டுங்கள். ஆண் பிள்ளைக்கு முகச் சவரம் செய்யத் தகப்பனார் பக்கத்தில் நின்று, கண்ணாடியைப் பார்த்துத் தாமும் செய்துகொண்டு கற்றுக் கொடுக்கட்டும். சவர யந்திரத்தின் இரைச்சலுக்குப் பயந்தால், பல நாட்கள் அதை வெறுமனே தூரத்தில் ஓடவிட்டுப் பழக்கலாம்.

சொல்லக் கூச்சமாயிருக்கிற ஒன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். உடம்பின் எந்த இடங்களைப் பிறர் தொடக் கூடாது, எந்தக் காரியத்தைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்ய வேண்டும், யாரைக் கட்டிக்கொள்ளலாம், யாருக்கு வணக்கம் மட்டும் போதும் என்பதையெல்லாம் நேரான வார்த்தைகளில் சொல்லிக் கொடுங்கள். ஜாடையாகச் சொன்னால் இவர்களுக்குப் புரியாது. ஐந்து வயதில் எதிர் வீட்டு மாமியின் மடியில் ஏறி உட்கார்ந்ததை நாம் ரசித்தோம். பதினைந்து வயதில் அதையே செய்தால் தெரு சும்மா இருக்குமா? சிறு வயதிலேயே 'வேண்டாம்' என்று சொல்லவும் பழக்குங்கள். எதற்கெடுத்தாலும் தலையாட்டுகிற குழந்தையை ஏமாற்றுவது சுலபம்.

இன்னொன்று. சாதுவாயிருந்த பிள்ளை திடீரென்று தலையில் அடித்துக்கொண்டாலோ பிறரைக் கடித்தாலோ 'வயசுக் கோளாறு' என்று தள்ளிவிடாதீர்கள். பல்வலியா, காதுவலியா, மலச்சிக்கலா என்று முதலில் பாருங்கள். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை வேறு எப்படித்தான் சொல்லும்? ஆட்டிசம் உள்ள சிலருக்கு இந்தப் பருவத்தில் வலிப்பு முதல் தடவையாக வருவதும் உண்டு. ஒரு கணம் நினைவு தப்பி வெறித்துப் பார்த்தால்கூட டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

தோசைக் கல்லில் ஒரு பாடம்

நம் வீட்டுத் தாய்மாரின் பாசம்தான் சில சமயம் முதல் தடையாக நிற்கிறது. 'பாவம், அவனுக்கு என்ன தெரியும்' என்று ஊட்டி விடுவோம். பொத்தானும் நாமே போட்டு விடுவோம். நாம் செய்தால் ஒரு நிமிஷம், அவன் செய்தால் பத்து நிமிஷம். அந்த ஒன்பது நிமிஷத்தை நாம் கொடுக்காததால் பின்னால் ஒன்பது வருஷம் அவஸ்தைப்படுகிறோம்.

கற்றுக்கொடுக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. எந்த வேலையையும் சிறு சிறு படிகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பிறகு முதல் படியிலிருந்து அல்ல, கடைசிப் படியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தோசையையே எடுத்துக்கொள்ளுங்களேன். முதல் வாரம் நீங்கள் சுட்டு முடியுங்கள்; வெந்த தோசையை எடுத்துத் தட்டில் போடுவது மட்டும் அவன் வேலை. இரண்டாவது வாரம் திருப்பிப் போடுவதும் சேரட்டும். பிறகு எண்ணெய் விடுவது. அப்புறம் மாவு ஊற்றித் தேய்ப்பது. கடைசியில் அடுப்பு மூட்டுவது. இதில் விசேஷம் என்னவென்றால், ஒவ்வொரு தடவையும் வேலை அவன் கையில்தான் முடிகிறது. முடிந்தவுடன் சுடச்சுடத் தின்னவும் கிடைக்கிறது! முதல் படியிலேயே தோற்றுப்போய்க் கரண்டியை வீசுகிற கதை இதில் இல்லை.

துணி துவைத்து மடிப்பது, படுக்கையைச் சுருட்டுவது, சில்லறை எண்ணுவது, பஸ்ஸில் போவது எல்லாவற்றுக்கும் இதே சூத்திரம்தான். பஸ் பழக்கும்போது முதலில் பக்கத்தில் உட்காருங்கள். பிறகு இரண்டு வரிசை பின்னால். அதன் பிறகு இறங்கும் இடத்தில் காத்திருங்கள். பையில் பெயர், விலாசம், டெலிபோன் எண் எழுதிய அட்டை எப்போதும் இருக்கட்டும்.

பிள்ளை புது இடத்துக்கு வரமாட்டேன் என்கிறானா? அதற்கு ஒரு அமெரிக்கத் தாயார் செய்த யுக்தியைச் சொல்கிறேன். 1947-ல் பிறந்த டெம்பிள் கிராண்டின் என்ற பெண் மூன்றரை வயது வரை பேசவில்லை. பதினைந்து வயதில், அத்தையின் மாட்டுப் பண்ணைக்குப் போகப் பயந்து அழுதாள். தாயார், 'போகிறாயா, மாட்டாயா?' என்று கேட்கவில்லை. 'ஒரு வாரம் இருக்கிறாயா, கோடை முழுவதும் இருக்கிறாயா?' என்று கேட்டாள். போனவளுக்கு மாடுகளின்மேல் அலாதிப் பிரியம் உண்டாகிவிட்டது. அந்தப் பெண்தான் பின்னால், மாடுகள் மிரளாமல் நடந்து போகும்படியான கொட்டகைகளை வகுத்து உலகப் புகழ் பெற்று, கொலராடோ ஸ்டேட் சர்வகலாசாலையில் பேராசிரியையாகவும் ஆனாள். எல்லாக் குழந்தையும் பேராசிரியர் ஆகிவிடாதுதான். ஆனால் ஒவ்வொரு குழந்தையிடமும் ஒரு 'மாட்டுப் பண்ணை' ஒளிந்திருக்கிறது. அதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

வேலை விஷயத்திலும் இதுதான் சூட்சுமம். டென்மார்க்கில் தார்க்கில் சோன் என்பவர், தம் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு, 2004-ல் 'ஸ்பெஷலிஸ்டர்னே' என்ற கம்பெனியைத் தொடங்கினார். கம்ப்யூட்டர் நிரல்களில் பிழை தேடுவது போன்ற, ஒன்றையே உற்றுப் பார்க்கும் வேலைகளுக்கு ஆட்டிசம் உள்ளவர்களையே அமர்த்தினார். நம் நாட்டிலும் 2016-ம் வருஷத்துச் சட்டப்படி, அரசாங்க வேலைகளில் ஊனமுற்றோருக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில் ஒரு சதவீதம், ஆட்டிசம் உள்ளிட்ட சில பிரிவினருக்குச் சேர்ந்தது. உயர் கல்வியில் 5 சதவீத இடம் உண்டு. சாதாரணப் பள்ளியில் தாக்குப்பிடிக்க முடியாதவர்கள், தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதிந்துகொண்டு, ஐந்து வருஷத்துக்குள் ஒவ்வொரு பாடமாக எழுதித் தேறலாம். உத்தியோகம் இல்லாவிட்டாலும், காகித உறை ஒட்டுவதோ புத்தகம் அடுக்குவதோ செடிக்குத் தண்ணீர் விடுவதோ, காலையில் எழுந்து போக ஓர் இடமும் செய்ய ஒரு வேலையும் இருந்தால் அதுவே பெரிய பாக்கியம்.

இரண்டாவது பதில்: எழுத்தில் ஓர் ஏற்பாடு

பிள்ளைக்கு 18 வயது நிரம்பிய அன்று, சட்டத்தின் கண்ணில் அவன் மேஜர். அதன் பிறகு, பெற்றவர்கள் என்ற உரிமையினால் மட்டும் அவனுக்காகக் கையெழுத்துப் போட முடியாது. பாங்கிலோ பத்திர ஆபீஸிலோ போய் நிற்கும்போதுதான் பல பெற்றோர்களுக்கு இது தெரிய வருகிறது.

1999-ம் வருஷம் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டம் இதற்காகவே வந்தது. ஆட்டிசம் உள்ளிட்ட நால்வகைக் குறைபாடுடையவர்களுக்கு, 18 வயதுக்குப் பிறகு சட்டபூர்வமான காப்பாளரை நியமிக்கும்படி பெற்றோரோ உறவினரோ மனுச் செய்யலாம். கோர்ட்டு வாசல் ஏற வேண்டியதில்லை. ஜில்லா கலெக்டரும், ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதியும், ஊனமுற்ற ஒருவரும் அடங்கிய உள்ளூர்க் குழு விசாரித்து முடிவு செய்யும். நியமனம் பெற்றவர், ஆறு மாதத்துக்குள் சொத்து விவரத்தைக் கொடுத்து, வருஷா வருஷம் கணக்கும் காட்ட வேண்டும். கவனிக்காமல் விட்டாலோ சொத்தைத் தின்றாலோ அவரை நீக்கவும் வழி இருக்கிறது.

ஆனால், ஆட்டிசம் என்றாலே காப்பாளர் வேண்டும் என்பதில்லை. தன் காரியத்தைத் தானே தீர்மானிக்கக் கூடிய பெண்ணையோ பிள்ளையையோ வீணாக இன்னொருவர் கைக்குள் ஒப்படைக்காதீர்கள். 2016-ம் வருஷத்துச் சட்டம், ஊனமுற்றவருக்கும் மற்றவரைப்போலச் சம உரிமை உண்டு என்கிறது. அவரோடு கலந்து பேசி, ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும் துணை நிற்கும் ஏற்பாட்டையும் அது அனுமதிக்கிறது. பிள்ளை பேசமாட்டான் என்பதற்காக அவனுக்கு அபிப்பிராயமே கிடையாது என்று நினைக்கலாமா? படத்தைக் காட்டிக் கேளுங்கள், எழுதிக் கேளுங்கள், எதைக் கண்டால் ஓடுகிறான், எதைக் கண்டால் நிற்கிறான் என்று கவனியுங்கள்.

இனி, பிள்ளையின் பெயரில் ஒரு கோப்பு போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அதில் அரசாங்க மருத்துவக் குழு கொடுத்த சான்றிதழ் இருக்கட்டும். சிறு வயதில் வாங்கியதானால் காலக்கெடு முடிந்திருக்கலாம், பார்த்துப் புதுப்பியுங்கள். நாடு முழுவதும் செல்லுபடியாகும் தனித்துவ அடையாள அட்டை வேண்டும். 'நிராமயா' என்ற வைத்தியக் காப்பீட்டில் வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. அதில் பதிவு செய்யுங்கள். கணவர் மத்திய அரசாங்க ஊழியரானால், சம்பாதிக்க இயலாத ஊனமுள்ள பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் ஆயுள் முழுவதும் கிடைக்க விதி இருக்கிறது. அவர் சர்வீஸில் இருக்கும்போதே பிள்ளையின் பெயரைக் குறிப்பில் ஏற்றிவிடச் சொல்லுங்கள். மற்ற உத்தியோகமானாலும் விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. சொத்து இருந்தால் உயில் எழுதி, பிள்ளைக்காக ஒரு டிரஸ்ட் ஏற்படுத்தலாம். டொனால்டின் பெற்றோர் செய்தது அதுதான்.

பணம், பத்திரங்களோடு இன்னொரு காகிதமும் சேரட்டும். அதை எழுத வக்கீல் வேண்டாம், தாயார் போதும். பிள்ளை எதைத் தின்பான், எதற்குப் பயப்படுவான், கோபம் வந்தால் என்ன செய்தால் ஆறுவான், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, 'தண்ணி வேண்டும்' என்பதற்கு அவன் காட்டும் ஜாடை என்ன என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் மனசுக்குள் மட்டும் இருக்கிற இந்த அகராதி உங்களோடு போய்விடக் கூடாது.

மூன்றாவது பதில்: ஊர்

டொனால்டின் கதையை எழுத 2000-க்குப் பிறகு இரண்டு பத்திரிகையாளர்கள் ஃபாரஸ்டுக்குப் போனபோது, ஊர்க்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அவர்களை எச்சரித்தார்களாம்: அவருக்கு உங்களால் ஏதாவது மனக்கஷ்டம் வந்தால் உங்களைச் சும்மா விடமாட்டோம் என்று. அந்த ஊரில் அவர் விசித்திரமான மனிதர்தான். சிநேகிதர்களுக்கெல்லாம் எண் கொடுத்து வைத்திருப்பார். ஆனால் அவர் அந்த ஊரின் விசித்திரம். ஊராரின் சொந்த மனுஷர்.

அப்படிப்பட்ட ஊர் தானாக வராது. பிள்ளையை வெளியே அழைத்துப் போனால்தான் வரும். கல்யாணம், காதுகுத்து என்றால் 'இவனை வைத்துக்கொண்டு எப்படிப் போவது' என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். நாதஸ்வரம் காதைத் துளைக்குமென்றால் முகூர்த்தத்துக்கு வேண்டாம். முதல் நாள் சாயங்காலம் போய் அரைமணி நேரம் இருந்துவிட்டு வரலாமே. உறவினர்களும் ஒரு வார்த்தை கேளுங்கள். 'ஒரு கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்று தயவுசெய்து யோசனை சொல்லாதீர்கள். ஆட்டிசம் உள்ளவர்களும் விரும்பி, விஷயத்தை மறைக்காமல், மணம் செய்துகொண்டு வாழ்கிறார்கள், அது வேறு. குணமாவதற்கென்று மறைத்துச் செய்கிற கல்யாணத்தில் இரண்டு ஜீவன்கள் வதைபடும். யோசனைக்குப் பதில், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, அவன் தாயாரைத் தூங்கச் சொல்லுங்கள். அதுவே பேருபகாரம்.

கூடப்பிறந்தவர்கள் இருந்தால் 'அவனை நீதான் பார்த்துக்கணும்' என்று எட்டு வயதிலேயே அவர்கள் தலையில் பாரத்தை ஏற்றாதீர்கள். வயது வந்த பிறகு கோப்பைக் காட்டி, நோட்டைக் காட்டி, எவ்வளவு முடியும் என்று கேளுங்கள். கேட்டு வருகிற பாசம்தான் கடைசிவரை நிற்கும்.

பெற்றோர்களும் தனித்தனியே அழாமல் ஒன்று கூட வேண்டும். இங்கிலாந்தில் 1962-ல் லோர்னா விங் என்ற பெண் டாக்டரும் – அவருடைய மகளுக்கும் ஆட்டிசம் – வேறு சில பெற்றோரும் கூடி ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். 1965-ல் அவர்களுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது. பிள்ளைகள் வளர்ந்து மீசை முளைத்தபோது, நம் தெருத் தாயாரின் அதே கேள்வி அவர்களுக்கும் வந்தது. 1974-ல் ஸாமர்ஸெட் என்ற பகுதியில், பெரியவர்களாகிவிட்ட பிள்ளைகள் வாழவும் வேலை செய்யவும் ஓர் இல்லம் திறந்தார்கள். டில்லியில் 1991-ல் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கிய மேரி பரூவாவும் ஒரு தாயார்தான். நம் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசாங்க நிலையம் இருக்கிறது. யோசனையும் பயிற்சியும் அங்கே கேட்கலாம். வாசலில் காத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாயாரோடு பேசுங்கள். நாலு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம்!

இதையெல்லாம் நாலு வீடு தள்ளியிருக்கும் அந்தத் தாயாரிடமும் சொன்னேன். அவள் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. குழந்தை சோப்பை நிறுத்தினாள். தெருக்கோடிப் பால் கடைக்கு அவனை அனுப்பப் பழக்கினாள். முதலில் கூடவே போனாள், பிறகு நடுவழியில் நின்றாள், பிறகு வாசலில். மூன்று மாதமாயிற்று. இப்போது காலை ஆறு மணிக்கு ஒரு நிமிஷம் முன்பின் இல்லாமல் பையன் பையோடு போகிறான். இரண்டு பாக்கெட் வாங்கி, சில்லறையை எண்ணிக்கொண்டு வருகிறான்.

போன வாரம் ஒருநாள் ஏதோ காரணத்தால் கடை பூட்டிக் கிடந்தது. பூட்டிய கடைக்கு என்ன செய்வது என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. அங்கேயே நின்றுகொண்டிருந்தான். ஆறரை ஆயிற்று. தாயார் பதறிப்போய்ச் செருப்பை மாட்டும்போது, பையன் தெருவில் வந்துகொண்டிருந்தான். கூடவே, பிள்ளையார் கோயில் வாசலில் உட்காரும் பூக்காரம்மா. அடுத்த தெருக் கடைக்கு அழைத்துப் போய்ப் பால் வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் அந்தத் தாயார் என் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, அந்தப் பூக்காரம்மாகிட்ட நான் எதுவுமே சொல்லி வைக்கலை. 'தினம் பார்க்கற பிள்ளைதானே, எனக்குத் தெரியாதா'ன்னு சொல்லிட்டுப் போறாங்க!"

சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போது அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.